செய்தவன் பின்னுக்கு இருக்க வேணும்

மோட்டார் சைக்கிளின் கிளச் இடது கையில் இருக்கிறது என்று நம்பித்தான் நான் வேலைக்குப் போனேன். மனதுக்குள் நம்பியிருந்தால் பரவாயில்லை. நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருக்க, "கிளச் எங்கே இருக்கிறது?" என்று கேட்டதற்கு, இடது கையைத் தூக்கி விரல்களை மடக்கிக் காட்டி, "இதில, சேர்" என்று சொன்னேன். கையில் இருப்பது லீவர் மட்டும்தான், கிளச் எஞ்சினுக்குள் இருக்கிறது. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் வேர்க்ஷொப்புக்குப் பொறுப்பான போமன் சூசைப்பிள்ளை. வேலை கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று கேட்கும் துணிவு எனக்குக் கடைசிவரை வரவில்லை.

எங்கள் திணைக்களத்தின் நலன்புரிச் சங்கம் மலர் ஒன்று போடுகிறது, நீங்களும் ஏதும் எழுதித் தாருங்கோ அண்ணை என்று வேர்க்ஷொப் பெடியள் கேட்டார்கள். ஐம்பத்தைந்தில் ஓய்வு எடுத்துச் சல்லிக் கிராமத்தில் இரண்டு ஆடுகளுக்குக் குழை வெட்டிக்கொண்டிருக்கிறவனைப் பிடித்து எழுதச் சொன்னால் அவன் என்னத்தை எழுதுவான். "வீட்டில வைச்சுக் கிளச்சைக் கழட்டிப் பாக்கிற விதத்தை எழுதுங்கோ. இப்ப வாற ஸ்கூட்டர் எல்லாம் கிளச் இல்லாதது. பழைய மோட்டார் சைக்கிள் வந்தா முழுசுறம்" என்றார்கள். சரி. வீட்டில் வைத்து நான் கழற்றிய கிளச்சுகளில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் பாடு.

கந்தளாயில் இருந்து மூதூர் வரைக்கும் மாவட்டத்தில் எங்கெங்கோ வயல் வரம்பில் ஓடித் திரியும் வெளிக்கள உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிள்கள்தான் எங்களுக்கு வேலை. துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றும் உள்நாட்டுச் சேறும் சேர்ந்து தின்ற சைக்கிள்கள். போமன் மெலிந்த, உயரமான மனிதர். குனிவதற்கு முன் சட்டைப் பையில் இருக்கும் பேனையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைப்பார். எஞ்சினுக்குள் விழக்கூடாதாம். எவரையும் "நீ" என்று சொன்னதில்லை. பயிற்சிக்கு வந்து இரண்டு நாளேயான எனக்கும் "நீர்" தான். பிழை என்ற சொல் அவர் வாயில் இருந்து வந்து நான் கேட்டதில்லை. பிழையாக ஒன்றைச் செய்து வைத்தால் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, "திரும்பப் பார்ப்பம்" என்பார். ஏசுகிற மனிதரென்றால் முணுமுணுக்கலாம். திரும்பப் பார்ப்போம் என்கிறவரிடம் என்னத்தை முணுமுணுக்கிறது.

அவரிடம் ஒரு விதி இருந்தது. கிளச்சோ பிரேக்கோ திருத்தி முடிந்ததும், முதல் ஓட்டத்துக்குச் சைக்கிளின் சொந்தக்காரர் ஓட்ட வேண்டும், திருத்தியவன் பின்சீட்டில் ஏறி இருக்க வேண்டும். "செய்தவன் பின்னுக்கு இருக்க வேணும்" என்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஓடுறவருக்குத் தெரியாதது பின்னுக்கு இருக்கிறவருக்குத் தெரியும்" என்றார். விழுந்தால் சேர்ந்து விழட்டும் என்பதுதான் உண்மையான காரணம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அந்த விதியால் முதலில் விழுந்தவன் நான்தான். மூதூரில் இருந்து வருகிற ஒரு முஸ்லிம் உத்தியோகத்தர், அண்ணை என்கிற மாதிரி நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், கிளச் வழுக்குகிறது என்று சைக்கிளைக் கொண்டுவந்தார். நான் தனியாகக் கழற்றிய முதல் கிளச். உள்ளே வட்டத் தட்டுகள் எண்ணெயில் ஊறிக் கறுத்துப் போய்க் கிடந்தன. அழுக்கு என்று நினைத்தேன். சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவி, மதிலில் வெயிலுக்கு நிரையாக வைத்துக் காயவிட்டு, பளிச்சென்று பூட்டினேன். எண்ணெய்க்குள்ளேயே வாழப் பிறந்த தட்டுகள் அவை, புதுத் தட்டைக்கூட எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் பூட்ட வேண்டும் என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரியவந்தது. காக்கா ஏறினார், நான் பின்னால் ஏறினேன். அவர் லீவரை விட்டதும் சைக்கிள் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளிப் பாய்ந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன், காற்றில். பிறகு நிலத்தில். காக்கா அந்த வருடத்து வேளாண்மையைப் பற்றி என்னோடு கதைத்துக்கொண்டே படலை தாண்டிப் போய்விட்டார். "என்ன தம்பி, சத்தத்தக் காணல்ல" என்று அவர் திரும்பிப் பார்த்தபோது நான் முற்றத்தில் இருந்து கையைக் காட்டினேன்.

போமன் வந்து பக்கத்தில் குந்தினார்.

"நோகுதோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப எழும்பும். திரும்பப் பார்ப்பம்."

என் பயிற்சிக் காலம் முழுவதும் இந்த ஒரு பந்திக்குள் அடங்கும். மிச்சம் எல்லாம் இதே கதைதான், விழுந்த இடம் மட்டும் வேறு.

நான் சொல்ல வந்தது பல வருடத்துக்குப் பிறகு நடந்தது. அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, தலை அரைவாசி வெளித்துவிட்டது, வேர்க்ஷொப்பில் போமனுக்கு அடுத்தவன் நான். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. அவருடைய மனைவி நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். எங்கள் எல்லாருக்கும் ரீச்சர். இருவரும் பாலையூற்றில் இருந்து காலையில் ஒரே சைக்கிளில் வருவார்கள். ரீச்சரைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போமன் வேலைக்கு வருவார், பின்னேரம் ஏற்றிக்கொண்டு போவார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அப்படி. வீட்டில் கதைக்க நேரமில்லாததை எல்லாம் சைக்கிளில்தான் கதைக்கிறது என்று ரீச்சர் சொல்லுவார்.

ஒருநாள் போமன் தன் சைக்கிளை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, "தம்பி, கிளச் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. தட்டும் ஸ்பிரிங்கும் மாத்தி விடும்" என்றார். மாற்றினேன். முடிக்கும்போது பெருமழை. ரீச்சர் பள்ளிக்கூடத்தில் காத்திருப்பார் என்று அவர் அவசரமாகக் கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஏறவில்லை. அத்தனை வருடத்தில் அந்த விதி தவறியது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை கேட்டேன். "எப்பிடி அண்ணை கிளச்?"

"முந்தியவிட இறுக்கம் போல கிடக்கு."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். நான் பயப்பட்டால் அரைகுறையாகப் பயப்படுகிறவன் இல்லை. சாமான் அடுக்குகிற ராக்கையில் ஸ்பிரிங் பெட்டி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்று போமனுடைய சைக்கிளுக்கு உரியது, மற்றது பெரிய எஞ்சின்காரனுக்கு உரிய விறைப்பான ஸ்பிரிங். எந்தப் பெட்டியில் இருந்து எடுத்தேன்? நினைவில்லை. நினைக்க நினைக்கப் பெரிய எஞ்சின் பெட்டியில் என் கை போவது படம் மாதிரித் தெரிந்தது. இரண்டு நாளில், பாலையூற்று வேதக் கோயிலில் போமனின் செத்தவீட்டுப் பூசையில் மனதுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். எந்த இடத்தில் எழும்ப வேண்டும், எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். போமனோ அந்த நேரம் எனக்கு முன்னால் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை போமன் பிந்தி வந்தார். முழங்கையில் உரஞ்சல். சந்தியில் கிளச்சைப் பிடிக்க ஏலாமல் எஞ்சின் நின்று, சைக்கிள் சரிந்து, இருவரும் விழுந்துவிட்டார்கள். ரீச்சருக்கு முழங்காலில் காயம். "பெரிசா ஒண்டுமில்லை" என்றார் போமன். "இனி அவ பஸ்ஸில போகட்டும். கிளச் சரிவருமட்டும்."

கிளச் சரிவருமட்டும். அந்த இருவரையும் பிரித்து வைத்தவன் நான் என்று விளங்கியது. அந்தக் கிழமை முழுக்க ரீச்சர் தனியாகப் பஸ் தரிப்பில் நிற்பதை வேலைக்குப் போகும்போது பார்த்தேன். சாப்பாட்டுக் கூடையை மடித்த கையில் தொங்கவிட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி ஓர் இடம் விட்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துப் பாலையூற்றுக்குப் போனேன். சும்மா போக வெட்கமாக இருந்ததால் கருவாடு கொண்டுபோனேன். ரீச்சர் கதவைத் திறந்தார்.

"ஆர், சிவாவோ? வாங்கோ தம்பி. என்ன இந்த நேரத்தில?"

"கொஞ்சம் கருவாடு கொண்டந்தனான் ரீச்சர்."

"கருவாட்டுப் பைக்குள்ள போல்ட் கழட்டுற சாவிச் சத்தம் கேக்குது."

போமன் உள்ளே இருந்து வந்தார். நான் கருவாட்டைக் கொடுத்துவிட்டு நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன். "அண்ணை, நான் ஸ்பிரிங்கை மாறிப் போட்டுட்டன். பெரிய எஞ்சின்காரன்ர ஸ்பிரிங். ரீச்சர் விழுந்தது என்னாலதான்."

அவர் பேனையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். "திரும்பப் பார்ப்பம்" என்றார்.

பெடியளே, நீங்கள் கேட்ட விசயம் இனித்தான் வருகிறது. வீட்டில் கிளச்சைப் பார்ப்பதென்றால் உடனே மூடியைக் கழற்றாதீர்கள். வெளியில் இருந்து உள்ளே போங்கள். முதலில் லீவர். அது இழுபடத் தொடங்க முன் அடியில் ஒரு நெருப்புக் குச்சி மொத்தத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். இருந்தது. அடுத்தது கேபிள். எஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றி மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும், எங்கேயும் பிடிக்கக் கூடாது. பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எண்ணெயை வடிக்கிறது. ரீச்சர் ஒரு பழைய பால்மாப் பேணி தந்தார். வடிந்த எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தால் எரிந்த மணமும் இல்லை, தூளும் இல்லை. மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சாவிப் பிடியால் மெல்லத் தட்டி எடுத்தேன். போமன் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். முற்றத்தில் விரித்த பழைய துணியில், கழற்றுகிற ஒவ்வொன்றையும் எஞ்சினில் இருந்த அதே இடத்தில் இருக்கிற மாதிரி வைக்க வேண்டும். நான் ஒன்றை மாறி வைத்தால் அவர் வலது கையால் தொட்டுக் காட்டுவார்.

நாலு ஸ்பிரிங்கும் வெளியே வந்தன. அளக்கிற வேர்னியர் பையில் இல்லை. பதற்றத்தில் நான் கொண்டுபோனது இரண்டு சுத்தியல்.

"ரீச்சர், அடிமட்டம் ஒண்டு இருக்கோ?"

கரும்பலகைக்குப் பாவிக்கிற நீள மர அடிமட்டத்தை ரீச்சர் தூக்கிக்கொண்டு வந்தார். போமன் கழற்றிய பழைய சாமான்களை ஒரு போத்தலில் போட்டு வைத்திருப்பார். அதில் இருந்த பழைய ஸ்பிரிங்குகளையும் புதியவற்றையும் சோடி சோடியாக நிறுத்தி அளந்தேன். கம்பி மொத்தம் ஒன்று. சுற்று எண்ணிக்கை ஒன்று. உயரத்தில் புதியது ஒரு மயிரிழை கூட. புதியதென்றால் அப்படித்தான் இருக்கும். நான் மாறிப் போடவில்லை.

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். இன்னும் பயமாகிவிட்டது. ஸ்பிரிங் இல்லையென்றால் வேறு என்ன?

"தட்டுகளைப் பாரும்" என்றார் போமன். இரும்புத் தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டமான ஒரு பரப்பு வேண்டும். கண்ணாடியைவிட மட்டமானது வீட்டில் கிடையாது. போமன் சுவரைப் பார்த்தார். ரீச்சர் அவரைப் பார்த்தார்.

"அது எங்கட கலியாணப் படம்."

"படம் வேண்டாம். கண்ணாடி மட்டும்."

"பாத்தீங்களோ தம்பி. இவ்வளவு வருசத்துக்குப் பிறகு, நான் வேண்டாமாம், கண்ணாடி மட்டும் போதுமாம்."

சொல்லிக்கொண்டே சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கண்ணாடியைத் துடைத்துத் தந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக அதில் வைத்து, விளிம்புக்குக் கீழே சவர அலகு நுழைகிறதா என்று பார்த்தோம். நுழையவில்லை. தட்டுகளைத் தள்ளுகிற நீளக் கம்பியைக் கண்ணாடியில் உருட்டினோம். துள்ளாமல் உருண்டது. தட்டுகள் இருக்கிற கூட்டின் விரல்களில் தழும்பு விழுந்திருந்தால் தட்டு நகராமல் சிக்கும். நகத்தால் தடவினேன், வழவழப்பு. நல்லது, நல்லது என்று ஒவ்வொன்றையும் துணியில் திரும்ப வைத்தேன். பழுது இல்லாத கிளச்சைத் திருத்துவது எப்படி?

எண்ணெய் கசியாமல் மூடிக்குக் கீழே போடுகிற மட்டை கிழிந்துவிட்டது. கோயில் பங்குக் கலண்டரின் முதுகு மட்டையில் அச்செடுத்து வெட்டினேன். தட்டுகளை எண்ணெயில் தோய்த்து அடுக்கி, ஸ்பிரிங்கைப் போட்டு எதிரெதிராக இறுக்கி மூடி, எண்ணெயைத் திரும்ப ஊற்றினேன். ஏறி இருந்து லீவரைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரலுக்கே வந்தது.

"இப்ப நீங்கள் ஓடுங்கோ அண்ணை" என்றேன். "நான் பின்னுக்கு இருக்கிறன். அண்டைக்கு இருக்கேல்லை."

அவர் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். ஒழுங்கையில் முதலாம் கியரில் போய் இரண்டாவதுக்கு மாற்றும்போது அவருடைய இடது முழங்கை வந்து என் விலாவில் இடித்தது. தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாவதுக்கு மாற்றினார், மறுபடி இடித்தது. பெரிய றோட்டுக்கு ஏறி நாலாவது, மறுபடி. விரலால் பிடிக்க வேண்டிய லீவரை மனிதர் தோளால் இழுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு விரல்கள் மட்டும் லீவரில் கொளுவியிருந்தன. மற்ற இரண்டும் மடங்காமல், நித்திரையாகிப் போன பிள்ளையின் விரல்கள் மாதிரி, வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

வாழ்க்கையில் எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கடல் தெரிகிற இடத்தில், "ஒருக்கா நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றேன். நிப்பாட்டினார். எஞ்சின் இடறித்தான் நின்றது.

"என்ன, இன்னும் இறுக்கமோ?" என்று அவரே கேட்டார்.

"திரும்பப் பார்ப்பம்" என்றேன்.

"எதை?"

"கையை."

நான் என் இரண்டு விரலை நீட்டினேன். முதலில் வலது கையால் பிடிக்கச் சொன்னேன். விரல் நொறுங்கியது. இடது கையால் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"சட்டைத் தெறி பூட்டுறது ரீச்சர்தான், கொஞ்ச நாளா" என்றார். "கிளச்சா இருக்கும் எண்டு நினைச்சன் தம்பி. கிளச்சா இருந்தா மாத்தலாம். அதுக்குத்தான் உம்மட்டத் தந்தனான்."

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், அவர் பின்னால் இருந்தார். படலையில் நின்ற ரீச்சர் எங்கள் இருப்பு மாறியிருப்பதைப் பார்த்தார். போமன் உள்ளே போன பிறகு என்னிடம் வந்து, "முழங்கை இடிச்சதோ?" என்றார்.

"ஓம் ரீச்சர்."

"எனக்கும் தான். நோகாம இருக்கச் சாப்பாட்டுக் கூடையை நடுவில வைச்சுக்கொண்டு வந்தனான். அவர் கிளச் எண்டார். நானும் கிளச் எண்டே நினைக்கப் பாத்தன்."

ஆசுபத்திரியில் கழுத்தில் ஒரு நரம்பு நசுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யச் செய்யத் தெறி பூட்டுகிற அளவுக்குக் கை வந்தது. கிளச் பிடிக்கிற அளவுக்கு வரவில்லை. கிளச் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று எடுக்கலாமே என்று நான் சொன்னபோது ரீச்சர், "இருக்கிற சைக்கிளுக்கு என்ன குறை, நீங்கள்தானே பாத்தீங்கள்" என்றார்.

ரீச்சர் ஓடப் பழகியது கோயில் வளவில். லீவரை அவருடைய கைக்குக் கிட்டவாக வைத்துக் கொடுத்தது நான். முதல் நாள் அவர் கிளச்சை விட்ட விதத்தைப் பார்த்ததும் எனக்கு மூதூர்க் காக்காவின் நினைவு வந்துவிட்டது. பின்னால் இருந்த போமனைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் இறங்குங்கோ. கிளச்சைச் செய்தது நான், நான் பின்னுக்கு இருக்கிறன்" என்றேன்.

"அவவுக்குப் பழக்கினது நான்" என்றார் போமன். இறங்கவில்லை.

அந்தச் சைக்கிளின் கிளச்சில் ஒரு பழுதும் இருக்கவில்லை. நான் போட்ட ஸ்பிரிங் சரியான ஸ்பிரிங்தான். போமன் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு நாள் காலையும் ரீச்சர் ஓட்டி வந்தார். போமன் பின்னால் இருந்து வந்தார், மடியில் சாப்பாட்டுக் கூடை.